தாயுமானவள்

திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையில் எழுந்தருளியிருக்கும் செவ்வந்திநாதருக்குத் தாயுமானவர் என்னும் திருநாமம் வந்த வரலாறு அன்பர்கள் அறிந்ததே. வணிகர் குலப் பெண்ணாகிய இரத்தினாவதி பேறுகாலம் நெருங்கிய நிலையில் தாயின் வரவை எதிர்பார்த்திருந்தாள். காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து புறப்பட்ட தாயோ, ஆற்றில் வெள்ளம் பெருகியதால் அக்கரையிலேயே நின்றுவிட்டாள். வலியால் துடித்த பெண்ணின் குரலுக்கு இரங்கி, இறைவனே தாய் வடிவில் வந்து பேறு பார்த்தருளினார். வெள்ளம் வடிந்து பெற்ற தாய் வாசலில் வந்து நின்றபோதுதான், வந்திருந்தவர் யார் என்பது விளங்கிற்று.

காவிரிப்பூம்பட்டினத்தைத் தம் பூர்விகமாகப் போற்றும் நகரத்தார் வாழும் செட்டிநாட்டில் இந்த வரலாற்றுக்குத் தனி உருக்கம் உண்டு. கணவர் கொண்டுவிற்கப் பர்மாவுக்கோ மலேயாவுக்கோ கப்பலேறியிருப்பார். பெண் தாய்வீட்டின் பின்கட்டு அறையில் வலியோடு கிடப்பாள். பிள்ளை பிறந்த செய்தி தபாலில் கடல் கடந்து போய்ச் சேர நாள்கள் பல ஆகும். அந்த இரவுகளில் அப்பத்தாவும் ஆயாவும் குலதெய்வத்தை வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க, அறைக்குள் துணை நின்றவள் ஊர் மருத்துவச்சி. உயிரைப் பணயம் வைத்த அந்தப் பொழுதில், எட்டாத தொலைவிலிருந்த கணவனுக்கும் உற்றாருக்கும் ஈடாக இருந்தவை அவளுடைய இரு கைகளே.

ஆனால், அந்தக் கைகளுக்கு உரிய மதிப்பை ஊர் தந்ததா? குழந்தையை முதன்முதலில் ஏந்தியவள், அதே வீட்டுக்கு மறுநாள் கொல்லைப்புற வாசல் வழியாகவே வரவேண்டிய நிலை பல ஊர்களில் இருந்தது. நெல்லும் பழம்புடவையும் கொடுத்ததோடு கணக்குத் தீர்ந்ததாக எண்ணினார்கள். வீட்டுக் கணக்கேடுகளில் பிள்ளை பிறந்த நாளும் நட்சத்திரமும் நாழிகையும் துல்லியமாக எழுதப்பட்டன. பேறு பார்த்தவளின் பெயரை எழுதவேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை. தமிழகத்தில் மட்டுமன்று, பாரத நாடெங்கும் இதுவே வழக்கம். அவ்வாறு மறைந்துபோன ஆயிரமாயிரம் மருத்துவச்சிகளுள் ஒருத்தியின் பெயர் மட்டும் நாடறியப் பதிவாகிவிட்டது. அந்தப் பெயர் சூலகிட்டி நரசம்மா.

சனி மகாத்மா கோயிலால் புகழ்பெற்ற பாவகடாவைப் பலர் தரிசித்திருக்கக்கூடும். கர்நாடகத்தின் தும்கூர் மாவட்டத்தில், ஆந்திர எல்லையை ஒட்டியிருக்கும் வறண்ட பூமி அது. அந்த வட்டத்திலுள்ள கிருஷ்ணாபுரமே நரசம்மாவின் ஊர். 1920 ஆம் ஆண்டில் பிறந்த அவருக்குத் தாய்மொழி தெலுங்கு. பள்ளிக்கூடத்தின் படியை மிதித்தவரல்லர். பன்னிரண்டாம் வயதில் மணமுடித்து வந்தார். பன்னிரண்டு பிள்ளைகளைப் பெற்று, அவர்களுள் நால்வரை இளமையிலேயே பறிகொடுத்தார். பெற்றெடுக்கும் வலியையும் பறிகொடுக்கும் வலியையும் ஒருசேர அறிந்த தாய் அவர். ‘சூலகிட்டி’ என்பது அவருடைய குடும்பப் பெயரன்று. கன்னடத்தில் மருத்துவச்சி என்று பொருள்படும் சொல். செய்த தொண்டே பெயரின் முன்னடையாக நிலைத்துவிட்டது.

இக்கலையை அவருக்குப் புகட்டியவர் அவருடைய பாட்டி. நரசம்மாவின் ஐந்து பேறுகளைப் பார்த்தவரும் அந்தப் பாட்டியே. 1940 ஆம் ஆண்டில், இருபதாம் வயதில், தம் அத்தைக்குப் பேறு பார்த்ததே நரசம்மாவின் முதல் தொண்டு. ஊர் வழியாக வந்துபோகும் நாடோடிக் கூட்டத்தாரிடம் பழகி, கருவுற்ற பெண்களுக்குரிய பச்சிலை மருந்துகளின் பக்குவத்தையும் அறிந்துகொண்டார். வயிற்றின்மேல் கைவைத்த மாத்திரத்தில் குழந்தையின் நாடித்துடிப்பையும் தலை இருக்கும் நிலையையும் உணர்ந்து சொல்லும் ஆற்றல் அவருக்கு வாய்த்திருந்தது. ஏடும் எழுத்தும் இல்லாமல் விரல் நுனியிலேயே குடிகொண்ட கல்வி அது.

மருத்துவ வசதி எட்டிப்பாராத சிற்றூர்களில் எழுபது ஆண்டுகள் அவர் தொண்டாற்றினார். அவர் பார்த்த பேறுகள் 15,000க்கும் மேல். கணக்கிட்டால் ஆண்டுக்கு இருநூறுக்கும் அதிகம், வாரந்தோறும் நான்கு. அத்தனைக்கும் அவர் கூலி வாங்கவில்லை என்பதே நெஞ்சை நிறைக்கும் செய்தி. வைத்திருப்பவர் வாரி வழங்குவது கொடைதான். ஆனால் தமக்கே பற்றாக்குறையான வீட்டிலிருந்து புறப்பட்டு, இன்னொரு வீட்டுக்கு விளக்கேற்றிவிட்டு வெறுங்கையோடு திரும்புவதை எந்தப் பெயரால் அழைப்பது? அவர் அதைப் பிறருக்கும் கற்றுக்கொடுத்தார். தம்மோடு அது முடிந்துபோகக் கூடாது என்று கருதினார்.

பெருமைகள் மிகப் பிந்தியே வந்தன. தொண்ணூறு வயதைக் கடந்த பின்னரே மாநில அரசின் விருதுகள் அவரை நாடின. 2014 ஆம் ஆண்டில் தும்கூர்ப் பல்கலைக்கழகம், எழுத்தறியாத அந்த மூதாட்டிக்கு மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கித் தன்னைப் பெருமைப்படுத்திக்கொண்டது. 2018 ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அதே ஆண்டு டிசம்பர் 25 ஆம் நாள், பெங்களூரு மருத்துவமனை ஒன்றில் அவர் இறைவனடி சேர்ந்தார். விருதை விருதாக அனுபவிக்க ஓராண்டுகூட இல்லை. எனினும், கொல்லைப்புற வாசலில் நின்ற எத்தனையோ மருத்துவச்சிகளின் சார்பில் ஒருத்தி ராஷ்டிரபதி பவனத்தின் முன்வாசல் வழியாக நுழைந்தாளே, அது போதும்.

நோய் தீர்க்கும் பணியைத் தெய்வப் பணியாகவே கண்ட மரபு நம்முடையது. சித்திரை மாதத்தில் செட்டிநாட்டு ஊர்களிலிருந்து அடியார்கள் வெயிலையும் பொருட்படுத்தாமல் வைத்தீசுவரன்கோயிலுக்கு நடந்து செல்கிறார்கள். அங்கே வைத்தியநாதப் பெருமான் தனியே வைத்தியம் பார்க்க வந்தவரல்லர். தைலப் பாத்திரம் ஏந்தித் தையல்நாயகி அம்மை உடன் வந்தாள் என்பது தலவரலாறு. அம்மையின் கையிலுள்ள அந்தப் பாத்திரத்தைக் கண்டு உருகுகிற நாம், அதே தைலத்தோடு நள்ளிரவில் கைவிளக்கின் ஒளியில் நம் வீட்டுக்கு வந்தவளை மறப்பது முறையாகாது.

இன்று பேறுகள் மருத்துவமனைகளில் நிகழ்கின்றன. அதுவே நலம், அதனால் காப்பாற்றப்பட்ட தாய்மார்களும் சேய்களும் ஏராளம். பழைய முறைக்குத் திரும்பவேண்டும் என்று எவரும் சொல்லமாட்டார்கள். கைவிடக் கூடாதது அந்த முறையன்று, அந்த மனமே. கூப்பிட்ட குரலுக்கு எழுந்து வருவதும், வலியில் இருப்பவளின் அருகே பொறுமையாக உட்கார்ந்திருப்பதும், கைம்மாறு கருதாமையும் எக்காலத்துக்கும் உரியவை. இன்றைய செவிலியரிடம் அந்த மனத்தைக் காணும்போது மனமார ஒரு வார்த்தை நன்றி சொல்வதும் வழிபாடே.

எழுபதையும் எண்பதையும் கடந்த பெரியோர் பலர் வீட்டிலேயே பிறந்தவர்கள். தம்மை முதன்முதலில் ஏந்திய மருத்துவச்சியின் பெயர் அவர்களுள் சிலருக்கேனும் நினைவிருக்கும். அந்தப் பெயரைப் பேரன் பேத்தியரிடம் சொல்லிவைக்கலாம். வீட்டுக் கணக்கேட்டின் ஓரத்தில் எழுதியும் வைக்கலாம். சுகப்பேறு வேண்டித் தாயுமானவருக்கு வாழைத்தார் நேர்ந்துகொள்ளும் வேளையில், அந்தப் பெயரையும் சேர்த்துச் சொல்லி வணங்கலாம். மருத்துவச்சியாக வந்த பெருமான் அதை மகிழ்ந்தே ஏற்றுக்கொள்வார்.