ஏழு நாள் மண்வெட்டி



அக்கா மகன் நேற்று போனில் கேட்டான்: "மாமா, பையனை என்.எஸ்.எஸ். முகாமுக்குக் கூப்பிடுறாங்க. ஏழு நாள் படிப்பு கெடுமே, அனுப்பலாமா?" அனுப்பு என்றேன். காரணம் சொல்வதற்குள் லைன் போய்விட்டது. கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1969 செப்டம்பர் 24-ல், காந்தி நூற்றாண்டையொட்டி, 37 பல்கலைக்கழகங்களில் என்.எஸ்.எஸ். தொடங்கியது. பிறகுதான் மேல்நிலைப் பள்ளிகளுக்கு வந்தது. நான் திட்ட அலுவலராக இருந்த வருடங்களில் எங்கள் வேலை பெரும்பாலும் கண்மாய்க்கரையில்தான். சீமைக்கருவேலை வெட்டுவது. வெட்டுவது என்றால் வெட்டுவது மட்டுமில்லை. மேலே வெட்டிவிட்டு வந்தால் அடுத்த மழைக்கு முன்னைவிட அடர்த்தியாகத் துளிர்த்து நிற்கும். கடப்பாரை போட்டுத் தூரோடு கிளப்ப வேண்டும். முள் செருப்பையும் துளைக்கும், குத்திய இடம் நாலு நாள் கடுக்கும். முதல் நாள் சாயங்காலம் பையன்கள் உள்ளங்கையைக் காட்டுவார்கள், எல்லாம் கொப்புளம். மூன்றாம் நாள் யாரும் காட்டுவதில்லை.

மடை எது, கலுங்கு எது என்று தெரியாத பையன்கள் அந்த ஏழு நாளில் தெரிந்துகொண்டார்கள். ஊர்ப் பெரியவர் ஒருவர் கரையில் உட்கார்ந்து, எந்த மடைத் தண்ணீர் எந்த வயலுக்குப் போகும் என்று சொன்னார். அதைப் பாடப் புத்தகத்தில் நான் பார்த்ததில்லை. புறம்போக்கு என்றால் யாருக்கும் சொந்தமில்லாதது என்றுதான் நம்மில் பலருக்கு நினைப்பு. வியர்வை சிந்திய இடத்தில் எவனாவது குப்பை கொட்டினால் அந்தப் பையன்களுக்கே கோபம் வந்தது.

இந்த யோசனை நமக்கு மட்டும் உரியதல்ல. 1933-ல் அமெரிக்கா வேலையின்மையில் தவித்தபோது, அதிபர் ரூஸ்வெல்ட் இளைஞர்களைக் காடுகளுக்கும் பூங்காக்களுக்கும் அனுப்பினார். 1942 வரை சுமார் 30 லட்சம் பேர் முகாம்களில் தங்கி வேலை செய்தார்கள். நட்ட மரங்கள் 300 கோடி என்கிறார்கள். பாதை போட்டார்கள், மண் அரிப்பைத் தடுத்தார்கள், காட்டுத்தீயோடு போராடினார்கள். எழுதப் படிக்கத் தெரியாமல் வந்த பல்லாயிரம் பேர் மாலை வகுப்பில் கற்றுக்கொண்டார்கள். (வாத்தியாருக்கு இந்த வரிதான் முதலில் கண்ணில் படும்!) குறையும் உண்டு. கறுப்பின இளைஞர்களைப் பெரும்பாலும் தனி முகாமில் வைத்தார்கள். பெண்களுக்கு அதில் இடமே இல்லை.

ஆனால் என்னை நிறுத்தி வைத்தது ஒரு சின்னக் கணக்கு. மாதச் சம்பளம் 30 டாலர். அதில் 25 டாலர் வரை நேரே வீட்டுக்குப் போய்விடும். பையன் காட்டில் மரம் நட்டான், வீட்டில் அடுப்பு எரிந்தது.

ஏன் சொல்கிறேன் என்றால், என் வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். நல்ல உழைப்பாளி, முகாமுக்கு முதலில் பேர் கொடுத்தவன். கிளம்பும் நாளன்று வரவில்லை. விசாரித்தால், காலாண்டு லீவில் அப்பாவோடு கட்டட வேலைக்குப் போயிருந்தான். "ஏழு நாள் கூலி சார்" என்றான் பிறகு. அதற்கு மேல் நான் என்ன கேட்பது? சேவை செய்யக்கூட வீட்டில் அரிசி இருக்க வேண்டியிருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளுக்கு ஏழு நாள் முகாம் போதும். பதினெட்டு தாண்டி வேலை தேடி நிற்கும் பிள்ளைகளுக்கு ஆறு மாதம், ஒரு வருடம் என்று கண்மாயிலும் காட்டிலும் சம்பளத்தோடு வேலை கொடுத்தால் என்ன? சீமைக்கருவேலை மட்டுமே நம் மாவட்டத்துக்கு எத்தனை வருட வேலை!

நம் கண்மாய்க்கரையில் பனங்கொட்டை ஊன்றிய செட்டில் யாராவது இதைப் படிக்கிறீர்களா? பனை காய்க்க பதினைந்து இருபது வருடம் ஆகும், கணக்குப் பார்த்தால் நெருங்கிவிட்டது. ஊர்ப்பக்கம் போகிறவர்கள் ஒரு போட்டோ எடுத்து இங்கே போடுங்கள். முழங்கால் வலி, என்னால் கரையேற முடியவில்லை.