காயசண்டிகைக்குப் பிறகு

மணிமேகலையில் காயசண்டிகை என்று ஒரு பெண் வருகிறாள். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மட்டும் சாப்பிடுகிற முனிவருடைய நாவல் பழத்தைக் காலால் சிதைத்துவிட்டாள். பன்னிரண்டு வருஷம் தீராப் பசி என்று சாபம். அந்த நோய்க்கு யானைத்தீ என்று பெயர். எவ்வளவு போட்டாலும் நிறையாத வயிறு. அமுதசுரபியிலிருந்து மணிமேகலை அவள் கையில் இட்ட சோற்றோடு நோய் தீர்ந்துபோகிறது. நம்முடைய தமிழாசிரியர்கள் இந்த இடத்தில் நிறுத்திக்கொள்வார்கள். அறம் பேசுவதற்கு இவ்வளவு போதும். சாத்தனார் நிறுத்தவில்லை. குணமானவள் வான்வழியே ஊர் திரும்பும்போது விந்தியமலைக்கு மேலாகப் பறக்கிறாள். மலையைக் காக்கிற விந்தாகடிகை அவள் நிழலைப் பிடித்து இழுத்துத் தன் வயிற்றுக்குள் போட்டுக்கொள்கிறாள். இதைச் சொல்வது காயசண்டிகை அல்ல. தூணிலிருக்கும் பாவை அவள் கணவன் காஞ்சனனிடம் சொல்கிறது. அவனோ அதற்குள், மனைவியின் உருவத்தில் இருந்த மணிமேகலையைத் தன் மனைவி என்றே நினைத்து, அவள் பின்னால் வந்த உதயகுமரனை வெட்டிப் போட்டாயிற்று.

சாபம் வந்த கதையைக் காயசண்டிகையே சொல்கிறாள். குணமான பிறகு நடந்ததைச் சொல்ல அவளுக்கு ஒரு வரிகூட இல்லை. கல்லூரியில் படித்தபோது இது எனக்குப் படவில்லை. இப்போது படுகிறது.

வாரப் பத்திரிகைகளில் எடை குறைப்பு ஆபரேஷன் பற்றிய கட்டுரைகளைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு படங்கள் இருக்கும். முன், பின். முன் படத்தில் இருப்பவர் சிரிப்பதில்லை. பின் படத்தில் பழைய பேண்ட்டின் ஒரே காலுக்குள் இரண்டு கால்களையும் விட்டுக்கொண்டு சிரிக்கிறார். அந்தச் சிரிப்புக்குப் பிறகு என்ன என்பதற்குப் படம் கிடையாது. பாஷையும் கிடையாது என்பது 2022 ஜூலைக்குப் பிறகு நான் தெரிந்துகொண்ட சமாசாரம். அந்த மாதம் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரி ஒன்றில் எனக்கு இந்த ஆபரேஷன் நடந்தது. அப்போது 132 கிலோ. ஒன்றரை வருஷத்தில் 84. எண்களை இத்தோடு விடுகிறேன். அவற்றால் வந்த சண்டையைப் பின்னால் சொல்ல வேண்டியிருக்கிறது.

செய்வது இதுதான். வயிற்றில் நாலைந்து சிறிய துளைகள் போட்டு, இரைப்பையை நெடுக்காக ஸ்டேப்ளர் அடித்து அறுத்து, முக்கால் பங்குக்கும் மேலாக வெளியே எடுத்துவிடுகிறார்கள். மிச்சம் நிற்பது ஒரு வாழைப்பழத்தின் வடிவில் ஒரு குழாய். ஸ்லீவ் என்கிறார்கள், சட்டைக் கை. இன்னொன்று பைபாஸ். 1966இல் அமெரிக்காவில், அயோவாவில், எட்வர்ட் மேசன் என்பவர் தொடங்கி வைத்ததிலிருந்து வளர்ந்தது. அதில் இரைப்பையின் மேல் நுனியைச் சின்னப் பையாகப் பிரித்துச் சிறுகுடலோடு நேராக இணைத்துவிடுவார்கள். பை சிறுத்துப் போவதால் குறைவாகச் சாப்பிடுகிறோம், அவ்வளவுதான் என்று நான் நினைத்திருந்தேன். அது பாதிதான். இரைப்பையின் மேல் புடைப்பில் கிரெலின் என்ற ஹார்மோன் சுரக்கிறது. பசி என்ற செய்தியை மூளைக்குக் கொண்டுபோகிறவற்றில் அது முக்கியமானது. ஜப்பானில் கோஜிமா, கங்காவா என்ற இருவர் 1999இல் கண்டுபிடித்தது. ஸ்லீவில் வெட்டிப் போடுவது அந்தப் புடைப்பைத்தான். பையோடு சேர்த்துச் செய்தி கொண்டுபோகிறவனையும் எடுத்துவிட்டார்கள்.

முதல் எட்டு மாதம் எனக்குப் பசி என்பதே இல்லை. ஐம்பத்து மூன்று வருஷம் கூடவே இருந்த ஒன்று. பசியைப் பற்றி எழுதினால் நம் கவிஞர்களுக்கு ஒரு தார்மீக கௌரவம் கிடைக்கும்; பசியின்மையைப் பற்றி எழுதினால் டானிக் விளம்பரம் என்பார்கள். காஃப்காவின் பட்டினிக் கலைஞன்கூடத் தனக்குப் பிடித்த உணவு அகப்படாததால்தான் பட்டினி கிடக்கிறான். அகப்பட்டிருந்தால் சாப்பிட்டிருப்பான். அவனுக்கு வேண்டியது என்று ஏதோ ஒன்று இருந்தது. நான் கடிகாரத்தைப் பார்த்துச் சாப்பிட்டேன். புரதம் நாளுக்கு 60 கிராமாவது. தண்ணீர் சாப்பாட்டோடு கூடாது, அரைமணி கழித்து மடக்கு மடக்காக. பி12, இரும்பு, கால்சியம் மாத்திரைகள் ஆயுள் முழுக்க. நாலாம் மாதம் தலைமுடி சீப்போடு வந்தது. அடுத்த ஏப்ரலில், ஊரெல்லாம் வெயிலைத் திட்டிக்கொண்டிருந்தபோது, எனக்குக் குளிரெடுத்தது.

நம் ஊரில் ஒருவரை ஒருவர் பார்த்தால் கேட்கிற கேள்வி 'சாப்பிட்டாச்சுங்களா?' என்பது. அதற்கு யாரும் உண்மையான பதிலை எதிர்பார்ப்பதில்லை. எனக்கு மட்டும் அது ஒவ்வொரு தடவையும் கேள்வியாகவே வந்து விழுந்தது. கல்யாண வீட்டில் இலையில் மிச்சம் வைப்பது வீட்டுக்காரரை அவமதிப்பது. நான் மூன்று வாயில் நிறுத்திவிட்டு இலையை மூடுவதற்குள் பந்தி விசாரிக்க வந்தவர் முகம் மாறிவிடும். காரணம் சொல்லலாம்தான். சொன்னால் அடுத்த கேள்வி, 'ஏனுங்க, வாயைக் கட்ட முடியாமயா வயித்தை வெட்டிக்கிட்டீங்க?' பழைய நண்பர்கள் காதோடு சுகரா என்று கேட்டார்கள். ஒருவர் என் மனைவியைத் தனியாகக் கூப்பிட்டுப் புற்றுநோயா என்று விசாரித்தார். இலக்கிய நண்பர் ஒருவர், விமர்சகர், என் புதிய கவிதைகள் நன்றாக இறுகிவிட்டன என்றார். அவை 2019இல் எழுதியவை.

வீட்டில் நடந்ததைச் சொல்வது இதைவிடக் கஷ்டம். என் மனைவி இருபத்தாறு வருஷமாகச் சமைத்துப் போட்டவள். எங்களுக்குள் கோபமும் சமாதானமும் சாப்பாட்டு மேஜையில்தான் நடந்திருக்கின்றன. பேச்சு நின்றுபோன நாட்களில் அவள் அரிசிம்பருப்பு சாதம் செய்து நெய் விட்டு வைத்தால், அது முடிந்துவிட்டது என்று அர்த்தம். ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு நாள் அதையே செய்து வைத்தாள். இரண்டு ஸ்பூனுக்கு மேல் இறங்கவில்லை. சோறு நெஞ்சுக்குக் கீழே கல் மாதிரி நின்றது. அவள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். ஸ்வீடனில் 1987இல் தொடங்கிப் பல வருஷங்கள் ஆயிரக்கணக்கானவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று உண்டு. அதிலிருந்தும் அந்நாட்டு ஆபரேஷன் பதிவேட்டிலிருந்தும் எடுத்து 2018இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இந்த ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் ஜோடியாக இருந்தவர்கள் பிரிவதும், தனியாக இருந்தவர்கள் ஜோடி சேர்வதும், செய்துகொள்ளாதவர்களைவிட அதிகமாம். அவளிடம் இதைச் சொன்னேன். 'ஸ்வீடன்ல சோறு ஆக்கறது யாருங்க?' என்று கேட்டாள். ஆய்வு செய்தவர்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

ஆஸ்பத்திரியில் மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை நாலு மணிக்கு ஒரு கூட்டம். அங்கே டயட்டீஷியனாக இருந்த பெண் ஆரம்பித்தது. அவர் வேலையை விட்டுப் போன பிறகும் கூட்டம் நிற்கவில்லை. பத்துப் பன்னிரண்டு பேர். நான் முதல் தடவை போனபோது கவனித்தது நாற்காலிகளை. கை வைக்காத நாற்காலிகள். நூறு கிலோவைத் தாண்டியவன் எந்த அறைக்குள் போனாலும் முதலில் பார்ப்பது நாற்காலிக்குக் கை இருக்கிறதா என்பதைத்தான். உட்கார்ந்து, எழும்போது நாற்காலியும் கூடவே எழுந்து வந்த அவமானம் எல்லோருக்கும் இருக்கும். இன்னும் ஒன்று: உள்ளே வருகிறவர்கள் எல்லோரும், ஒல்லியாகிவிட்டவர்கள் உட்பட, கதவருகே வந்ததும் உடம்பைச் சற்றுப் பக்கவாட்டில் திருப்பினார்கள். நானும் அப்படித்தான் நுழைந்தேன். எடை போய்விடுகிறது. அதன் நிழல் போவதற்கு வருஷங்கள் ஆகும் போலிருக்கிறது. விந்தாகடிகை பிடித்து இழுத்ததும் நிழலைத்தானே.

அங்கே யாரும் ஆலோசனை சொல்வதில்லை என்று சொன்னால் பொய். நிறையச் சொல்வார்கள், பாதி தப்பாகவே. ஆனால் ஒருவர் பேச ஆரம்பிக்கும்போது மற்றவர்களுக்கு முன்கதை சொல்ல வேண்டியதில்லை. கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஒருவர், பைபாஸ் ஆனவர், மச்சினன் கல்யாணத்தில் ஒரு டம்ளர் பாயசம் குடித்துவிட்டு இருபது நிமிஷத்தில் வேர்த்து, நெஞ்சு படபடத்து, மண்டபத் தரையில் படுத்துவிட்டதைச் சொன்னார். மாரடைப்பு என்று காரில் ஏற்றிவிட்டார்களாம். சர்க்கரை அப்படியே சிறுகுடலில் போய் இறங்கியதன் விளைவு. டம்பிங் என்று பெயர். சொல்லிவிட்டு, 'பாயசம் நல்லா இருந்துச்சுங்க' என்றார். அறை முழுக்கச் சிரித்தது. அந்தச் சிரிப்பை வேறு எங்கேயும் வைத்து அவரால் வாங்கியிருக்க முடியாது. இன்னொருவர் குடி கூடிவிட்டதை அங்கேதான் முதலில் சொன்னார். பைபாஸுக்குப் பிறகு சாராயம் சீக்கிரமாகவும் அதிகமாகவும் ரத்தத்தில் ஏறுகிறது. இரண்டாம் வருஷத்தில் குடிநோய் கூடுவதை 2012இல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியிருக்கிறது. அவருக்கு இந்த ஆய்வெல்லாம் தெரியாது. 'முன்னெல்லாம் தட்டு இருந்துச்சு. இப்ப கைக்கு ஏதாச்சும் வேணுமில்லீங்க' என்றார்.

நூறு பிரதி அச்சடித்து அறுபது பேருக்கு அனுப்புகிற பத்திரிகையில் இருபத்தைந்து வருஷமாக எழுதிவருகிறவனுக்கு, பன்னிரண்டு பேர் கொண்ட அறை ஒன்றும் சின்னதாகப் படவில்லை.

ஆனால் அந்த அறையிலும் ஒரு தராசு இருந்தது. கூட்டம் தொடங்கும்போது வரிசையாகச் சொல்ல வேண்டும்: பெயர், எந்த ஆபரேஷன், எத்தனை மாதம், எத்தனை கிலோ குறைந்தது. கை தட்டுவார்கள். கணக்கு டீச்சர் ஒருவர் 41 கிலோ என்று சொன்ன அன்று எழுந்து நின்று தட்டினார்கள். மூன்றாம் வருஷம் 14 கிலோ திரும்ப ஏறிவிட்டது. இது அபூர்வமே இல்லை. ஒன்றரை, இரண்டு வருஷத்தில் எடை அடிமட்டத்துக்கு வந்து, பிறகு கொஞ்சமாவது ஏறுவது பலருக்கும் நடப்பதுதான். டீச்சர் வருவதை நிறுத்திவிட்டார். ஏழு மாதம் கழித்து மருந்துக் கடையில், மாத்திரைச் சீட்டோடு நின்றவரைப் பார்த்தேன். ஏன் வருவதில்லை என்று கேட்டேன்.

'எந்திரிச்சு நின்னு தட்டினாங்க சார். இப்ப வந்து என்னன்னு சொல்றது? மைனஸ்ல எப்படிங்க கை தட்டுவாங்க?'

அடுத்த கூட்டத்தில் எடை சொல்வதை நிறுத்திவிடலாம் என்று நான் சொன்னேன். சண்டை வந்தது. எடை டாக்டர் அறையில் எழுதியாகிறது, வீட்டில் மிஷின் இருக்கிறது, பார்க்கிறவன் எல்லாம் கண்ணாலேயே நிறுத்துவிடுகிறான், இங்கேயாவது வேறு எதையாவது பேசலாமே என்பது என் கட்சி. எடை ஏறியவர்தான் இந்த அறைக்கு அதிகம் தேவைப்படுகிறவர், அவரை வாசலிலேயே திருப்பி அனுப்புகிற சடங்கு எதற்கு என்றும் கேட்டேன். நன்றாகத்தான் பேசினேன். லேத்காரர் எழுந்தார்.

'நீங்க எழுதறவருங்க. உங்களுக்குக் கை தட்ட நாலு எடம் இருக்குது. நான் எட்டாவதுங்க. என் வாழ்க்கையில எனக்குக் கை தட்டினது இந்த ரூம்லதானுங்க.'

அவருக்குப் பதில் என்னிடம் இல்லை. என் அபிப்பிராயம் மாறவும் இல்லை. எண் சொல்லப்பட்ட உடனே மற்றவை எல்லாம் அதற்கு விளக்கக் குறிப்பாகச் சுருங்கிப்போகின்றன என்பதை அந்த அறையில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். ஒருவன் தன் தொங்கும் தோலைப் பற்றியோ, மனைவி தன்னைப் புது ஆளைப் பார்ப்பதுபோலப் பார்ப்பதைப் பற்றியோ வாயெடுப்பான். முப்பத்தெட்டு கிலோ ஆச்சே, இதுக்குப் போயா என்று அடுத்தவர் முடித்துவிடுவார். காஞ்சனனும் உருவத்தைப் பார்த்துத்தான் வாளை எடுத்தான். கடைசியில் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். அறைக்குள் எடை இல்லை. கூட்டம் முடிந்த பிறகு வேண்டியவர்கள் வராண்டாவில் சொல்லிக்கொள்ளலாம். இப்போதும் சொல்லிக்கொள்கிறார்கள். உள்ளே நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருக்கும்போது கை தட்டல் கேட்கிறது.

இரண்டு மாதம் கழித்து டீச்சர் வந்தார். அவர் பேசியது எடையைப் பற்றி அல்ல. 'பசி வந்திருச்சுங்க' என்றார். ராத்திரி பதினோரு மணிக்கு, தேர்வுத் தாள் திருத்திக்கொண்டிருந்தபோது, வயிற்றைக் கிள்ளியதாம். பயந்துபோனாராம். பிறகு, இதைச் சொல்லலாமா என்று தெரியவில்லை என்று ஒருதரம் நிறுத்திவிட்டு, கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது என்றார். செத்துப்போன யாரோ வந்து கதவைத் தட்டின மாதிரி. யாரும் அவரைத் திருத்தவில்லை.

அன்று ஒரு புதுப் பையன் வந்திருந்தான். ஸ்லீவ் ஆகி மூன்று வாரம். அவனுடைய அம்மா ரசம் நிறைத்த பிளாஸ்க்கோடு கதவோரம் நின்றிருந்தார். உள்ளே வந்து உட்காரச் சொன்னோம், மறுத்துவிட்டார். அவன் கேட்டது ஒன்றே ஒன்று: 'சோறு எப்பங்க சாப்பிடலாம்?' லேத்காரர் மூணு மாசம் என்றார். எனக்கு அஞ்சாம் மாதம் தயிர் சாதம் இறங்கியது என்றேன். பின்வரிசையில் ஒருவர், தனக்கு இரண்டு வருஷமாகியும் இறங்குவதில்லை, இட்லியைக் கரைத்துக்கொள்வதாகச் சொன்னார். பையன் மூன்றையும் செல்போனில் குறித்துக்கொண்டான்.

'உனக்குப் பசிக்குதா தம்பி?' என்று டீச்சர் கேட்டார்.

அவன் வாசலில் நிற்கும் அம்மாவைப் பார்த்தான். நேரம் எடுத்துக்கொண்டு யோசித்தான்.

'தெரியலீங்க மிஸ்.'

'எனக்கும் அப்படித்தானுங்க இருந்துச்சு' என்றார் லேத்காரர்.