தரையும் மூச்சு விடும்

வீடு கட்டத் தொடங்குகிறோம். வாசற்கதவுக்குத் தேக்கா, வேம்பா என்று மாதக்கணக்கில் ஆலோசிக்கிறோம். சுவருக்கு எந்த வண்ணம் என்பதற்காக வீட்டுப் பெண்கள், பிள்ளைகள் எல்லோரும் கூடி மஷூரா நடத்துகிறோம். தரையைப் பற்றி மட்டும் கடைசி நாளில், கையிலிருந்த பணமெல்லாம் கரைந்த பிறகு, "ஏதாவது பூசி முடித்துவிடுங்கள்" என்று கொத்தனாரிடம் சொல்லிவிடுகிறோம். அந்த "ஏதாவது" என்னும் சொல் எவ்வளவு செலவு வைக்கும் என்பதைச் சென்ற ஆண்டில் நேரில் கண்டேன். அதையே உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

நான் கலைப் பட்டதாரி. கல்லூரியில் வரலாறு படித்தவன். கடலோர ஊர் ஒன்றின் மத்ரஸாவில் இருபது ஆண்டுகளாக ஓதிக்கொடுத்து வருகிறேன். இரசாயனத்துக்கும் எனக்கும் இருந்த உறவு பள்ளிக்கூடத்தோடு முடிந்துவிட்டது. ஆயினும் மத்ரஸாவின் பெரிய கூடத்துக்குத் தரையைச் செப்பனிடும் பொறுப்பை நிர்வாகத்தினர் என்னிடமே ஒப்படைத்தார்கள். "ஹஜ்ரத், நீங்கள் படித்தவர்" என்பது அவர்கள் சொன்ன காரணம். படித்தவனுக்கு எல்லாம் தெரியும் என்னும் நம்பிக்கை நம் ஊர்களில் இன்னும் உயிரோடு இருக்கிறது. அதைக் கெடுப்பானேன் என்று நானும் ஒப்புக்கொண்டேன்.

கூடத்தின் நிலையைச் சொல்கிறேன். பகலில் அறுபது பிள்ளைகள் அமர்ந்து ஓதும் இடம் அது. இரவில் இருபதுக்கும் மேற்பட்ட வெளியூர் மாணவர்கள் பாய் விரித்து உறங்கும் இடமும் அதுவே. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஒப்பந்தக்காரர் அந்தக் கான்கிரீட் தரைக்குப் பச்சை நிற எனாமல் பெயின்ட் அடித்துக் கொடுத்திருந்தார். பத்தாண்டுக்கு அசையாது என்று உறுதியும் கூறியிருந்தார். முதல் ஐப்பசி மழையிலேயே அது அப்பளம் போல் கொப்புளித்தது. பிறகு செதில் செதிலாக உரிந்து பிள்ளைகளின் முழங்காலிலும் கைலியிலும் ஒட்டிக்கொண்டு வந்தது. உரியாமல் எஞ்சிய இடங்களோ இன்னும் மோசம். ஒளு செய்துவிட்டு ஈரக்காலோடு வந்த பெரியவர் ஒருவர் அந்த வழவழப்பில் சறுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். அவர் இன்றும் ஊன்றுகோல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறார். அதன் பிறகுதான் நிர்வாகம் விழித்தது.

பணம் இரண்டு வழியில் வந்தது. எங்களிடம் ஓதிய மாணவர் ஒருவர் துபாயில் ஒரு பெரிய சேமிப்புக் கிடங்கில் வேலை பார்க்கிறார். செலவில் பெரும்பகுதியை அவர் ஏற்றுக்கொண்டார். மீதி, ஊர்ப் பெண்கள் அன்றாடம் உலை வைக்கும்போது ஒரு பிடி எடுத்துப் பானையில் போட்டுச் சேர்த்த பிடியரிசியை விற்றுக் கிடைத்தது. அந்தப் பணத்தை எண்ணும்போது எனக்குக் கை கூசியது. பிடி பிடியாகச் சேர்ந்த அமானிதத்தை மறுபடியும் செதிலாக உரியவிட எவருக்கு மனம் வரும்?

முதலில் அந்தப் பச்சைப் பூச்சு ஏன் உரிந்தது என்பதை அறிய வேண்டியிருந்தது. கான்கிரீட் பார்வைக்குக் கல்லைப் போலத் தோன்றினாலும் உள்ளே கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் நிறைந்தது. விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவது போல அது மண்ணின் ஈரத்தை மேலே இழுக்கிறது. அந்த ஈரம் ஆவியாக மேற்பரப்பின் வழியே வெளியேறிக்கொண்டே இருக்கும். தரை மூச்சு விடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் வாயைப் படலம் போட்டு மூடினால், ஈரம் அடியில் தேங்கிப் படலத்தைத் தூக்கிவிடுகிறது. கடலோர மண்ணில் உப்பும் சேர்ந்து ஏறிவருவதால் கேடு இன்னும் விரைவாக நிகழ்கிறது.

எனாமலுக்கு இன்னொரு பகையும் உண்டு. சிமெண்டில் சுண்ணாம்பின் காரம் மிகுதி. எனாமலிலோ எண்ணெய் இருக்கிறது. காரமும் எண்ணெயும் ஈரத்தில் கூடினால் என்ன ஆகும்? சோப்பு ஆகும்! சோப்பு செய்யும் தொழிலின் அடிப்படையே அதுதான். ஆக, அந்த ஒப்பந்தக்காரர் எங்கள் கூடத்தின் தரைக்கும் பெயின்டுக்கும் இடையில் ஒரு சோப்புப் படலம் உண்டாக வழிசெய்து கொடுத்துவிட்டுப் போயிருந்தார். பிறகு வழுக்காமலும் உரியாமலும் என்ன செய்யும்?

துபாயிலிருந்த மாணவருக்கு ஒரே விருப்பம். அவருடைய கிடங்கில் கண்ணாடி போல் பளபளக்கும் எபாக்ஸித் தரை போட்டிருக்கிறார்களாம். அதன்மேல் பாரவண்டிகள் நாள் முழுதும் ஓடினாலும் கீறல் விழுவதில்லையாம். "நம் மத்ரஸாவும் அப்படி இருக்க வேண்டும், ஹஜ்ரத். பணத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள்" என்றார். கொடுப்பவரின் ஆசை அது. அலட்சியம் செய்வதற்கில்லை. எபாக்ஸி உறுதியான பொருள்தான். ரெஸின், ஹார்டனர் என்னும் இரண்டு திரவங்களைக் கலந்து பூசினால் அவை இறுகிக் கெட்டியான படலமாகிவிடும். ஆனால் குளிரூட்டப்பட்ட கிடங்கு வேறு, எங்கள் கடற்கரைக் கூடம் வேறு.

எனவே எதையும் முடிவு செய்யுமுன் தரையையே கேட்டுவிடலாம் என்று ஒரு சோதனை செய்தோம். இதை நீங்களும் வீட்டிலேயே செய்யலாம். ஒன்றரை அடிச் சதுரமான கண்ணாடி போன்ற பாலிதீன் தாளைத் தரையில் விரித்து, நான்கு ஓரங்களையும் காற்றுப் புகாதபடி ஒட்டுநாடாவால் ஒட்டிவிட வேண்டும். குறைந்தது 16 மணி நேரம் கழித்துப் பிரித்துப் பார்க்க வேண்டும். தாளின் அடியில் நீர்த்துளிகள் இருந்தாலோ, தரை கறுத்திருந்தாலோ, அந்த இடத்தில் ஈரம் ஏறுகிறது என்று பொருள். பூச்சைச் சுரண்டிச் சுத்தம் செய்து, கூடத்தில் நான்கு இடங்களில் ஒட்டினோம். பிள்ளைகளுக்கு ஓதலில் கவனமே இல்லை. எல்லார் கண்ணும் பாலிதீன் மேல்தான்! மறுநாள் பிரித்தபோது கிழக்கே இரண்டும் உலர்ந்திருந்தன. நடுவில் இலேசான மங்கல். ஹவுளை ஒட்டிய மேற்குப் பக்கத்திலோ தாளின் அடியில் முத்து முத்தாக நீர் கோத்திருந்தது. தரை போடும் காலத்தில் அடியில் பாலிதீன் விரிக்கவில்லை என்பது அதிலேயே விளங்கிவிட்டது. இனிமேல்தான் வீடு கட்டப்போகிறவர்கள் இதை மட்டுமாவது மனத்தில் கொள்ளுங்கள். தரைக் கான்கிரீட் போடுமுன் 250 மைக்ரான் கனமுள்ள பாலிதீன் தாளை விரிக்க ஆகும் செலவு சொற்பம். பின்னால் அதைச் செய்ய எத்தனை ஆயிரம் கொடுத்தாலும் இயலாது.

கூடத்துக்குப் படலம் எதுவும் ஒவ்வாது என்பது உறுதியாயிற்று. எஞ்சிய வழிகள் இரண்டு. ஒன்று, நம் பாட்டன்மார் வீடுகளில் பார்த்திருப்பீர்களே, அந்தச் சிவப்புக் காவித் தரை. ரெட் ஆக்ஸைடை மேற்பூச்சுச் சிமெண்டோடு கலந்து, கரண்டியால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றுவார்கள். நிறம் மேலே ஒட்டிய படலமன்று; தரையின் உடம்பிலேயே கலந்தது. ஆதலால் உரிவதற்கு ஒன்றுமில்லை. நடக்க நடக்கப் பளபளப்புக் கூடும். புதுவீடு கட்டுகிறவர் என்னைக் கேட்டால் இதையே சொல்வேன். ஆனால் எங்கள் கூடத்தில் அதற்குப் புதிதாக ஒரு கனத்த பூச்சுப் போட வேண்டும். அந்தக் கைப்பழக்கம் உள்ள கொத்தனார் எங்கள் வட்டாரத்தில் ஒருவர்தான் இருக்கிறார். அவருக்கும் கண் மங்கிவிட்டது.

மற்றொரு வழியையே தேர்ந்தோம். சிலிகேட் கலந்த ஒரு திரவம் உண்டு. பார்க்கத் தண்ணீரைப் போலவே இருக்கும். அதைத் தரையில் ஊற்றிப் பரப்பினால் நுண்துளைகளுக்குள் இறங்கி, அங்கே இருக்கும் சுண்ணாம்போடு சேர்ந்து கல்லாக இறுகிவிடுகிறது. மேற்பரப்பு கெட்டிப்படும், தூசி கிளம்பாது, ஆனால் மூச்சு அடைபடாது. எபாக்ஸிக்குக் கேட்ட விலையில் பாதிக்கும் குறைவு. குறையும் இல்லாமல் இல்லை. புளியோ எலுமிச்சைச் சாறோ சிந்தி ஊறினால் கறை விழும். எனவே இனி அந்தக் கூடத்தில் சுஃப்ரா விரிக்காமல் விருந்து கிடையாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

துபாய்க்குத் தொலைபேசியில் இதைச் சொன்னபோது மறுமுனையில் சிறிது நேரம் பேச்சில்லை. "பளபளப்பே இருக்காதா, ஹஜ்ரத்?" என்றார். அவர் குரலில் இருந்த ஏமாற்றம் எனக்கு வருத்தமளித்தது. "தம்பி, உங்கள் பணத்தைப் பளபளப்பாக்கி இரண்டு மழைக்காலத்தில் உரித்துப்போட எனக்கு மனமில்லை" என்றேன். ஆயினும் அவர் ஆசைக்கும் ஓரிடம் கிடைத்தது. மாடியில் நூலக அறை இருக்கிறது. அதன் தரை மண்ணைத் தொடவில்லை. அடியிலிருந்து ஈரம் ஏறாது. வெயிலும் நேரே விழாது. வெயில் படும் இடத்தில் எபாக்ஸி மஞ்சளித்து, மாவாக உதிரும். அதற்குப் பாலியூரித்தேன் மேற்பூச்சு வேண்டும். ஆகவே வராந்தாவை விட்டுவிட்டு, நூலகத்துக்கு மட்டும் எபாக்ஸி என்று முடிவாயிற்று.

அந்த வேலையில் நான் கற்றவை ஏராளம். பூசுமுன் சிமெண்டின் மேலுள்ள வலுவற்ற பால்படலத்தை இயந்திரத்தால் தேய்த்து நீக்க வேண்டும். நீர் தெளித்துக்கொண்டே தேய்க்கச் செய்தோம். அந்தத் தூசி நுரையீரலுக்குப் பெருங்கேடு என்பதால் பிள்ளைகளுக்கு மூன்று நாள் விடுமுறை. அவர்களைப் போல் மகிழ்ந்தவர்கள் ஊரில் எவருமில்லை.

அடுத்தது பனிநிலை. குளிர்ந்த தண்ணீர்க் குவளையின் வெளிப்புறம் வியர்ப்பதைப் பார்த்திருக்கிறோம் அல்லவா? தரையும் அப்படி வியர்க்கும். காற்றில் வெப்பம் 30 டிகிரியும் ஈரப்பதம் 85 விழுக்காடும் இருந்தால், 27 டிகிரி அளவில் உள்ள எந்தப் பரப்பிலும் நீர் படியத் தொடங்கிவிடும். நிழலில் கிடக்கும் கான்கிரீட் அந்த அளவில் இருப்பது எளிது. தரையின் வெப்பம் பனிநிலையைவிட 3 டிகிரியாவது கூடுதலாக இருக்கும்போதுதான் பூச வேண்டும் என்பது விதி. அதனால்தான் ஐப்பசி, கார்த்திகையைத் தவிர்த்து மாசி மாதம் வரை காத்திருந்தோம். நிர்வாகத்தில் சிலர் பொறுமை இழந்தனர். அவர்களுக்குத் தேநீர் கொடுத்துச் சமாளித்தேன்.

நேரமும் முக்கியம். காலையில் பூசினால், வெயில் ஏற ஏறத் துளைகளிலுள்ள காற்று விரிந்து, பூச்சில் குமிழ் குமிழாக வெடிக்கும். ஆதலால் லுஹருக்குப் பின், வெப்பம் இறங்கத் தொடங்கியதும் ஆரம்பித்து, மஃரிபுக்கு வெகுமுன்பே முடித்தோம். கலவையைச் சிறிது சிறிதாகத்தான் கலக்க வேண்டும். வெப்பம் 10 டிகிரி கூடினால் அது இறுகும் நேரம் ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது. வாளியிலேயே வைத்திருந்தால் தன் சூட்டிலேயே கொதித்துக் கட்டியாகிவிடும். மறுநாள் காலையில் தொட்டுப் பார்த்தபோது, மெழுகு தடவியது போல ஒரு பிசுபிசுப்பு. ஈரக் காற்றோடு ஹார்டனர் சேர்ந்து உண்டாகும் படிவு அது. வெந்நீரில் துணி நனைத்துத் துடைத்து உலரவிட்ட பிறகே இரண்டாம் பூச்சைப் பூசினோம். துடைக்காமல் பூசிவிட்டால் மேற்பூச்சு தனியே கழன்று வரும். வேலைக்கு வந்த இளைஞர்கள், "இதையெல்லாம் எவர் பார்க்கப் போகிறார்கள்?" என்று முணுமுணுத்தார்கள். நான் நாற்காலி போட்டு வாசலிலேயே அமர்ந்துகொண்டேன். நிலைப்படியை ஒட்டிய பகுதியில் மட்டும் ஈரப்பூச்சின் மேல் நுண்மணலைத் தூவச் செய்தோம், கால் வழுக்காது.

கையில் எஞ்சிய பணத்தில், ஹவுளிலிருந்து கூடத்துக்கு வரும் வழியில், அந்தப் பெரியவர் விழுந்த இடத்தில், கொத்திச் சொரசொரப்பாக்கிய கருங்கற் பலகைகளைப் பதித்தோம். பூச்சே வேண்டாத தரை அது. பிடியரிசிப் பணம் முழுவதும் அதற்கே சென்றது.

விடுமுறையில் மாணவர் ஊருக்கு வந்தார். முதலில் மாடிக்குப் போய்த் தம் முகம் தெரிகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டார். பிறகு கூடத்துக்கு வந்து, வெறுங்கையால் தரையைத் தடவியபடி சிறிது நேரம் பிள்ளைகளோடு அமர்ந்திருந்தார். "குளிர்ச்சியாக இருக்கிறது, ஹஜ்ரத்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

அதன் பின் ஒரு மழைக்காலம் கடந்துவிட்டது. கார்த்திகையில் கூடத்தின் மேற்கு மூலை கறுத்தது; சில நாளில் வெள்ளையாக உப்புப் பூத்தது. நிர்வாகத்தினர் ஓடி வந்தார்கள். ஈரத்துணியால் துடைத்தால் அந்த உப்புக் கரைந்து மீண்டும் தரைக்குள்ளேயே இறங்கிவிடும். எனவே உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கி அள்ளச் சொன்னேன். அடியில் தரை முழுமையாகவே இருந்தது. தை பிறந்ததும் அந்த உப்பும் நின்றுவிட்டது.