ஆகாயகங்கைக்கு மேலே இருக்கும் வயல்கள்

நாமக்கல்லில் இருந்து சேந்தமங்கலம் வழியாகப் போனால், அடிவாரத்தில் காரவல்லி. அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறினால் கொல்லிமலை. மேலே போனதும் பலருக்கும் ஓர் ஆச்சர்யம் காத்திருக்கும். மலை உச்சி கூம்பாக இல்லை. மேடும் பள்ளமுமாகப் பரந்து கிடக்கிறது. பள்ளத்தில் நெல், சரிவில் மரவள்ளி, சில்வர் ஓக் மரங்களில் படர்ந்த மிளகு, நிழலில் காபி, அங்கங்கே பலாவும் வாழையும்.

அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் பக்கத்தில்தான் ஆகாயகங்கை அருவிக்கு வழி. ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். இறங்குவது சுலபம்; ஏறும்போதுதான் முழங்கால் கணக்குக் கேட்கும். காலையிலேயே இறங்கி, வெயிலுக்கு முன் ஏறிவிடுவது நல்லது. மூட்டு வலி, இதய நோய் உள்ளவர்கள் கோயிலோடு நின்றுவிடலாம். மழை பலத்து அருவியில் வெள்ளம் வந்தால், குளிக்கக் கூடாது.

சுமார் 300 அடி உயரத்தில் இருந்து அய்யாறு கொட்டுகிறது. இந்தத் தண்ணீர்தான் மலையை விட்டு இறங்கி, திருச்சி மாவட்டத்துப் புளியஞ்சோலைக்குப் போகிறது. அருவியின் அழகைப் பார்ப்பவர்கள், அது எங்கிருந்து வருகிறது என்றும் பார்க்க வேண்டும். மேலே உள்ள சோலைக் காடும் வயல்களும் மழையைப் பிடித்து வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகின்றன. மண் பிடிமானம் குறைந்தால், மழைக்காலத்தில் அருவி சேறாக விழும், கோடையில் நூலாகிவிடும்.

ஒரு காலத்தில் இந்தச் சரிவுகளில் சாமை, தினை, கேழ்வரகு, பனிவரகு நிறைய விளைந்தன. நெருக்கமாக விதைக்கும் பயிர் என்பதால், சீக்கிரமே தரையை மூடிவிடும். இன்று மரவள்ளி அந்த இடத்தைப் பிடித்திருக்கிறது. சேலம், நாமக்கல் பகுதி சேகோ ஆலைகள் வாங்கிக்கொள்வதால், மொத்தமாகப் பணம் கையில் வரும். சாமையோ, உரலில் குத்தி அரிசியாக்குவதற்குள் பெண்களின் கை ஓய்ந்துவிடும். ஆகவே, மாறியவர்களைக் குறை சொல்ல முடியாது.

ஆனால், மரவள்ளியை இரண்டு மூன்றடி இடைவெளியில் நடுகிறோம். முதல் மூன்று மாதம் தரை வெறுமையாகக் கிடக்கும். அறுவடையின்போது கிழங்கைத் தோண்டுவதால் மண் பொலபொலவென்று ஆகிவிடும். அதன்மேல் கனமழை பெய்தால், மேல்மண் ஓடையோடு போய்விடும்.

இதற்கு வழி இருக்கிறது. சரிவுக்குக் குறுக்கே வரிசை பிடித்து நடலாம். கல் வரப்பு கட்டி, ஓரத்தில் வெட்டிவேர் வைக்கலாம். ஊடுபயிராகத் தட்டைப்பயறு விதைக்கலாம். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் பல ஆண்டுகளாக இங்குள்ள மலையாளிப் பழங்குடி மக்களோடு சேர்ந்து சிறுதானிய ரகங்களைக் காப்பாற்றி வருகிறது. உமி நீக்கும் இயந்திரங்கள் வந்த ஊர்களில் பெண்களின் சுமை குறைந்திருக்கிறது.

சுற்றுலா போகிறவர்களுக்கும் ஒரு வேலை உண்டு. திரும்பும்போது பலாப்பழம், மிளகோடு இரண்டு கிலோ சாமை அரிசியும் வாங்கி வரலாம். சாமைக்கு விலை கிடைத்தால் சாமை விதைப்பார்கள். சரிவில் சாமை நின்றால் மண் நிற்கும். மண் நின்றால்தான் அருவி.