கட்டைவிரலுக்கு 30 சதவீதம்

எங்கள் பக்கத்தில் மரவேலை என்றால் அது ஆசாரிமார் தொழில். நம்மாளுங்க மரத்தை வெட்டலாம், சுமக்கலாம், வண்டியில் ஏத்தலாம். உளியும் இழைப்புளியும் கைக்கு வராது. மின்சார ரம்பம் வந்த பிறகுதான் பட்டறைக்குள்ளே கூப்பிட்டார்கள். மேசைப் பலகையின் நடுவில் ஒரு பிளவு, அதில் வட்ட பிளேடு தலையை நீட்டிக்கொண்டு சுத்தும். டேபிள் சா என்பார்கள்; எங்களுக்கு வெறும் மெஷின். அதில் மரம் தள்ளுவது நம் வேலை. அளவு வைப்பதும் பிளேடு பூட்டுவதும் வேற ஆள் வேலை. ஆபத்து ஒரு பக்கம், அறிவு ஒரு பக்கம் என்று சாதி அங்கேயும் பிரித்துத்தான் வைத்தது.

அறந்தாங்கிப் பக்கம் ஒரு மில்லில் நாலு வருசம் தள்ளினேன். பிளேடுக்கு மேலே இருக்க வேண்டிய மூடி கழட்டிப் போட்டு மூலையில் கிடந்தது. "அத மாட்டுனா வேலை ஓடாதுடா" என்பார் முதலாளி. ஆயுத பூசைக்கு மட்டும் மெஷினுக்குப் பொட்டும் மாலையும் தவறாது. 2018 நவம்பர் 16இல் கஜா புயல் அடித்து, மாவட்டத்தில் தென்னையும் பலாவும் கண்ட இடமெல்லாம் சாய்ந்தன. பச்சை மரம் மில்லில் குவிந்தது. ராத்திரி பகலாக ஓட்டினார்கள். அப்படி ஒரு ராத்திரியில், தைலமரத்தில் ரீப்பர் கிழிக்கும்போது, எனக்கு மச்சான் முறையான ஒருத்தருக்கு வலது கையில் இரண்டு விரல் போனது. "குடிச்சிருப்பான்" என்றார் முதலாளி. மச்சான் குடிக்கிற ஆள் இல்லை.

என்ன நடந்தது என்று ஐ.டி.ஐ. படித்த எங்கள் தெருத் தம்பி ஒருவன்தான் பிறகு விளக்கினான். "அண்ணே, தைலமரத்துக்குள்ள ஒரு இறுக்கம் இருக்கு. அறுக்க அறுக்க வெட்டு மூடிக்கிட்டு வந்து பிளேடோட பின்பக்கத்தப் புடிக்கும். பின்பல்லு மேல் நோக்கிச் சுத்துது. மரத்தத் தூக்கி நம்ம மேலயே வீசும். தள்ளுன கை பிளேடு மேல விழும்." அதைத் தடுக்க பிளேடுக்குப் பின்னால், ஒட்டினாற்போல், அதே கோட்டில் ஒரு தகடு நிற்க வேண்டும். பிளேடைவிடக் கொஞ்சம் தடிப்பு, பல் போடும் வெட்டைவிட மெலிசு. வெட்டை அது மூட விடாது. அந்த இரும்புத் தகடு இல்லாததற்கு மச்சானைக் குடிகாரன் ஆக்கினார்கள்.

இப்போது தெருவிலேயே சின்னதாகப் பட்டறை வைத்திருக்கிறேன். வேலைக்கு வரும் பையன்களிடம் முதல் நாள் மரம் கொடுப்பதில்லை. மெயினை ஆஃப் செய்துவிட்டு மெஷினைப் பிரித்துப் பூட்டச் சொல்வேன். கைடுக்கும் முன்பல்லுக்கும் உள்ள அளவு பின்பல்லிலும் இருக்க வேண்டும். பின்னால் குறுகினால் மரம் மாட்டும். பல் மரத்துக்கு மேலே கொஞ்சம்தான் தெரிய வேண்டும். தகடும் மூடியும் மாட்டாமல் சுவிட்சைத் தொடாதே. பிளேடுக்கு நேரே நிற்காதே, ஒதுங்கி நில். ஒடுக்கமான மரத்தைக் கையால் தள்ளாதே, தள்ளுகட்டை எடு. பிளேடு சுத்தும்போது அதைத் தாண்டிக் கை நீட்டாதே. தோளில் துண்டு, கையில் உறை, கயிறு எதுவும் வேண்டாம். பல் அதைப் பிடித்தால் கையையும் சேர்த்து இழுக்கும்.

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், மின்சாரம் ஓடும் இடத்தில் 10 பேர் இருந்தால்தான் அது தொழிற்சாலை என்றது. 2020இல் வந்த சட்டத்தொகுப்பு அதை 20 ஆக்கியது. நாலு பேர் வேலை செய்யும் பட்டறைக்கு இன்ஸ்பெக்டர் எங்கே வருவார்? 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டம் விரலுக்கு விரல் கணக்குப் போட்டது. கட்டைவிரல் 30 சதவீதம், ஆள்காட்டி விரல் 14, ஒரே கையில் இரண்டு விரல் என்றால் 20. சம்பாதிக்கும் சக்தியில் அவ்வளவு போனது என்று அர்த்தம். அந்த 20ஐப் பற்றி மச்சானிடம் யாரும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிச் செலவும் ஒரு மாதச் சம்பளமும் கொடுத்துக் கணக்கை முடித்தார்கள்.

அமெரிக்காவில் 1999இல் ஸ்டீபன் காஸ் என்பவர், சதை பட்ட கணமே பிளேடை நிறுத்தும் கருவியை உருவாக்கினார். பெரிய மெஷின் கம்பெனிகள் அதை எடுத்துக்கொள்ளவில்லை. கடைசியில் அவரே கம்பெனி தொடங்கி விற்றார். விரல் அங்கேயும் மலிவுதான். அந்த மெஷின் நம் தெருவுக்கு வரும்வரை காத்திருக்க முடியாது. தகடும் மூடியும் தள்ளுகட்டையும் பெரிய செலவில்லை. மில் வேலைக்குப் போகும் தம்பிகள் கூலி பேசும்போதே இவற்றையும் பேச வேண்டும். ஒருத்தன் கேட்டால் "வேற ஆள் பாத்துக்கிறேன்" என்பார்கள். நாலு பேரும் சேர்ந்து கேட்க வேண்டும்.