அம்மாவின் நாற்காலி



சில மாதங்களுக்கு முன் எங்கள் வீட்டு ஒலிபெருக்கிகளோடு ஒரு சப்வூஃபரும் வந்து சேர்ந்தது. இடத்தை அடைக்காதிருக்கட்டும் என்று அதைக் கூடத்தின் மூலையில் வைத்தேன். ஞாயிறு மாலையில் கீர்த்தனைகளை ஒலிக்கவிட்டபோது, கூடத்தின் நடுவில் அமர்ந்திருந்த எனக்குத் தாழ்ந்த ஒலி போதவில்லை. கூட்டினேன், மறுவாரம் இன்னும் கூட்டினேன்.

சுவரோரம் தம் நாற்காலியில் அமர்ந்திருக்கும் என் தாயார் மூன்று வாரம் ஒன்றும் சொல்லவில்லை. நான்காம் வாரம் பாட்டு தொடங்கியதும் மெல்ல எழுந்து உள்ளே போய்விட்டார்கள். பின்சென்று கேட்டேன். "வார்த்தை ஒன்றும் விளங்கவில்லை ஐயா, நெஞ்சில் இடிக்கிறது" என்றார்கள். அந்தக் கீர்த்தனைகளை எனக்கு மனப்பாடமாகக் கற்றுத்தந்தவர்கள் அவர்களே.

காரணத்தைத் தேடினேன். எங்கள் கூடம் 14 அடி நீளம். 40 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளமோ ஏறத்தாழ 28 அடி, கூடத்தின் நீளத்தைப்போல் இரு மடங்கு. அவ்வொலி எதிரெதிர்ச் சுவர்களில் மோதித் திரும்பும்போது சுவரோரங்களில் பெருகும், நடுவில் மெலியும். மூலையில் வைத்த பெட்டி அதை மேலும் தூண்டும். ஒலி குறைந்த இடத்தில் நான் அமர்ந்துகொண்டு, எனக்குப் போதவில்லை என்று கூட்டியதெல்லாம் சுவரோரம் இருந்த அம்மாவின்மேல் விழுந்திருக்கிறது.

இதற்கு ஒரு வழி உண்டு. சப்வூஃபரைக் கேட்பவரின் இருக்கையில் வைத்து ஒலிக்கவிட்டு, நாம் முழங்காலில் ஊர்ந்து, எங்கே ஒலி சீராகக் கேட்கிறது என்று தேட வேண்டும். அதுவே பெட்டிக்குரிய இடம். அம்மாவின் நாற்காலியை விலக்கி, அங்கே பெட்டியை வைத்துவிட்டுச் சுவரோரமாக ஊர்ந்தேன். மூலைகளில் வெறும் முழக்கம். நீண்ட சுவரின் நடுவில் தெளிவு. பெட்டியை அங்கே மாற்றினேன். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள ஒலியை மட்டும் அதற்கு ஒப்படைத்தேன். ஃபேஸ் பொத்தானை இருபுறமும் மாற்றிப் பார்த்து, மற்ற ஒலிபெருக்கிகளோடு இசைந்து நிறைவாகக் கேட்ட நிலையில் விட்டேன். பிறகு ஒலியளவை முற்றிலும் குறைத்து, அம்மாவின் நாற்காலியில் நானே அமர்ந்து, சிறிது சிறிதாகக் கூட்டினேன். ஒலி எந்தப் பெட்டியிலிருந்து வருகிறதென்று தெரியாமலிருக்கும் அளவே போதுமானது.

அடுத்த ஞாயிறு அம்மா எழுந்து போகவில்லை. இரண்டாம் சரணத்தில் அவர்களுடைய குரலும் சேர்ந்து ஒலித்தது.

அன்பானவர்களே, நாம் சொல்வது போதவில்லை என்று தோன்றும்போது குரலை உயர்த்துகிறோம். குறை நாம் அமர்ந்திருக்கும் இடத்தில் இருக்கக்கூடும்; உயர்த்திய குரலோ வேறொருவரின் நெஞ்சில் இடிக்கும். அவர் முறையிடாதிருக்கலாம், மெல்ல எழுந்து உள்ளே போய்விடலாம். உங்கள் வீட்டில் அப்படி எழுந்து போகிறவர் யார்? இவ்வாரம் ஒருமுறையேனும் அவருடைய நாற்காலியில் அமர்ந்து கேளுங்கள். அதற்கான தாழ்மையைக் கர்த்தர் நமக்கு அருள்வாராக.