மூன்றாவது பிரதி

நம் வயதுக்காரர்கள் வீட்டில் இரும்புப் பெட்டி செய்த வேலையை இப்போது கம்ப்யூட்டர் செய்கிறது. கலியாணப் போட்டோக்கள், வீட்டுப் பத்திரத்தின் ஸ்கேன், பென்ஷன் கணக்கு, வெளிநாட்டுப் பேரப்பிள்ளைகள் அனுப்பிய வீடியோ எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. இரும்புப் பெட்டி துருப்பிடித்தால் கண்ணுக்குத் தெரியும். ஹார்ட் டிஸ்க் கெடுவது அப்படித் தெரியாது. ஆனால் பல சமயம் முன்னதாகவே சில அறிகுறிகளைக் காட்டும். அந்த நேரத்தில் எதை முதலில் காப்பாற்றுவது என்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

ஹார்ட் டிஸ்க்குக்குள் கண்ணாடி போல் பளபளக்கும் தட்டுகள் இருக்கின்றன. வீட்டுக் கம்ப்யூட்டர்களில் அவை பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 முறை சுற்றும். படிக்கும் முனை தட்டைத் தொடாமல், தலைமுடியின் பருமனைவிட எத்தனையோ மடங்கு சிறிய இடைவெளியில் மிதக்கிறது. அது தட்டில் உரசிவிட்டால் உரசிய இடத்தில் இருந்தது போனதுதான். உதிர்ந்த துகள் மற்ற இடங்களையும் கெடுக்கும். ஆகவே பழுதான டிஸ்க் ஓட ஓட நஷ்டம் கூடும்.

அறிகுறிகள் இவை. நேற்று உடனே திறந்த ஃபைல் இன்று ஐந்து நிமிடம் எடுக்கும். ஃபோல்டர் பெயர்கள் புரியாத எழுத்துகளாக மாறும். கம்ப்யூட்டர் நடுவில் அப்படியே நின்றுவிடும். எல்லாவற்றிலும் மோசமானது, உள்ளேயிருந்து கேட்கும் 'டிக், டிக்' என்ற சத்தம். டிஸ்க்கே தன் உடல்நிலையைக் குறித்துவைக்கும் 'ஸ்மார்ட்' என்ற அறிக்கை ஒன்று உண்டு. அது எச்சரித்தால் நம்பலாம். நன்றாக இருக்கிறது என்று சொன்னாலும் முழுக்க நம்பிவிட முடியாது.

என் நண்பர் ஒருவர், ஓய்வு பெற்ற ஆசிரியர், சென்ற ஆண்டு ஒரு மாலை போன் செய்தார். டிஸ்க் மெல்லச் சத்தம் போடுவதாகவும், கடைக்காரர் ஃபார்மட் செய்தால் சரியாகிவிடும் என்கிறார் என்றும் சொன்னார். "முதலில் கம்ப்யூட்டரை அணையுங்கள், மற்றதைப் பிறகு பேசுவோம்" என்றேன். மறுநாள் அவர் வீட்டுக்குப் போனேன். உள்ளே என்னென்ன இருக்கிறது என்று கேட்டபோது அவர் முதலில் சொன்னது குடும்பத்தாரின் பிறப்பு, திருமணச் சான்றிதழ்களின் ஸ்கேன். "பிரெஞ்சுக் குடியுரிமைக்கு வேண்டியது சார், அது போனால் பிள்ளைகளுக்குக் கஷ்டம்" என்றார். கடைசியாகத் தயங்கித் தயங்கி இன்னொன்றைச் சொன்னார். காலமாவதற்கு முன் அவர் மனைவி, பேரப்பிள்ளைகளுக்காகச் சொந்தபந்தங்களின் உறவுமுறையை ஒவ்வொருவராகச் சொல்லிப் பதிவு செய்த ஆறு ஆடியோ ஃபைல்கள்.

அந்த வரிசையை மாற்றச் சொன்னேன். காரணத்தை நம் ஊர்க்காரர்களுக்கு விளக்குவது சுலபம். பிரெஞ்சுக்காரர்கள் எத்தா சிவில் பதிவேட்டை ஒரே ஏடாக வைத்ததில்லை. ஒன்று மேரியில், மற்றொன்று நீதிமன்றத்தில். காலனிகளுக்கு அதுவும் போதாது என்று 1776-ல் பதினாறாம் லூயி ஓர் ஆணை பிறப்பித்து, பத்திரங்களின் பிரதிகளை வைக்க வெர்சாயில் தனிக் காப்பகம் ஏற்படுத்தினார். கரையான், ஈரம், கடல்காற்று, யுத்தம் என்று காகிதத்துக்குத்தான் எத்தனை எதிரிகள். நம் மேரி கட்டடமே 2014 நவம்பர் மழையில் சரிந்து விழுந்ததைப் பார்த்தவர்கள் நாம். அந்தக் காப்பகத்தின் ஏடுகள் இன்று எக்ஸ்-அன்-புரோவான்ஸ் நகரில் இருக்கின்றன. புதுச்சேரியின் பழைய பதிவேட்டுப் பக்கங்களை வீட்டிலிருந்தே இணையத்தில் பார்க்கலாம்.

ஆகவே நண்பரின் சான்றிதழ்கள் போனாலும் அலைந்து திரிந்து, மனுப் போட்டு, மறுபடியும் வாங்கிவிடலாம். அந்த அம்மாவின் குரலுக்கு எந்த மேரியில் மனுப் போடுவது? டிஸ்க் சாகக் கிடக்கும்போது கேட்க வேண்டிய கேள்வி, எது முக்கியம் என்பதல்ல. உலகத்தில் வேறெங்கும் பிரதி இல்லாதது எது என்பதுதான். அதைத்தான் முதலில் எடுக்க வேண்டும்.

நண்பரின் தெருவில் விஷயம் தெரிந்த பையன் ஒருவன் இருந்தான். டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டி, முதலில் அந்த ஆறு ஃபைல்களை எடுத்தான். ஐந்து முழுசாக வந்தன. ஆறாவது பாதியில் நின்றது. அதோடு மல்லுக்கட்டாமல் போட்டோக்களுக்குப் போனான். அவற்றில் பாதிக்குமேல் வந்தபின் டிஸ்க் அடங்கிவிட்டது. ஸ்கேன்களைத் தொடவே நேரமில்லை. ஆறாவது ஃபைலில் நின்றிருந்தால் போட்டோக்களும் போயிருக்கும்.

இதில் கவனிக்க வேண்டியவை சில. பழுதான டிஸ்க்கில் எதையும் எழுதக்கூடாது. மீட்பு சாஃப்ட்வேரைக்கூட அதிலேயே இறக்கக்கூடாது. கம்ப்யூட்டர் தானாகவே 'டிஸ்க்கைச் சரிசெய்யட்டுமா' என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்த வேலை டிஸ்க்கை மேலும் கசக்கிப் பிழியும். ஃபிரிஜ்ஜில் வைத்தால் உயிர் வரும் என்பார்கள், கேட்காதீர்கள். உள்ளே ஈரம் படியும். மூடியைத் திறப்பதும் கூடாது. ஒரு தூசி போதும். சத்தம் பலமாகக் கேட்டாலோ, உள்ளே இருப்பது விலைமதிப்பற்றது என்றாலோ வீட்டில் முயற்சியே வேண்டாம். அணைத்துவிட்டு, தூசியில்லாத அறை வைத்திருக்கும் மீட்பு நிலையத்துக்கு அனுப்புங்கள். செலவு அதிகம்தான், முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள். புதிய கம்ப்யூட்டர்களில் இருக்கும் எஸ்.எஸ்.டி. வகையில் தட்டும் இல்லை, சுழற்சியும் இல்லை. அது பெரும்பாலும் சத்தமில்லாமல் திடீரென்று போய்விடும்.

இதையெல்லாம் தவிர்க்க வழி அந்தப் பழைய பதிவேட்டு முறைதான்: மூன்று பிரதி. ஒன்று கம்ப்யூட்டரில். இரண்டாவது வெளி ஹார்ட் டிஸ்க்கில். பிரதி எடுத்ததும் அதைக் கழற்றி அலமாரியில் வைத்துவிடுங்கள். மாட்டியே வைத்திருந்தால் வைரஸ் வந்தாலும், மின்சாரம் எகிறினாலும் இரண்டும் சேர்ந்தே போகும். மூன்றாவது வேறு ஊரில், மகளிடமோ மகனிடமோ, அல்லது இணையச் சேமிப்பில். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் அடித்ததை நினைத்துப் பாருங்கள். ஒரே கூரையின் கீழ் எத்தனை பிரதி இருந்தாலும் அது ஒரு பிரதிதான்.

பிரதி எடுத்ததோடு விட்டுவிடாமல் நாலைந்து ஃபைல்களைத் திறந்தும் பாருங்கள். அலுவலகத்தில் நகலை மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதானே கையெழுத்துப் போடுவோம்? இங்கேயும் அதே வேலைதான்.